தில்லை என்றால் எந்தச் செடி?

தில்லை என்றதும் நம் பக்கத்து மக்களுக்கு நினைவுக்கு வருவது சிதம்பரம் நடராஜர் கோயில்தான். தில்லை நடராஜன், தில்லைநாயகி, தில்லை கோவிந்தராஜன் என்று வீட்டுக்கு வீடு பேர் வைத்திருக்கிறோம். தீட்சிதர்களைத் தில்லை மூவாயிரவர் என்கிறோம். ஊரின் எல்லையில் தில்லைக்காளி இருக்கிறாள். இத்தனை பெயருக்கும் மூலமான தில்லை ஒரு செடி. உப்பங்கழி ஓரத்தில் வளரும், ஒடித்தால் பால் வடியும் ஒரு புதர்ச்செடி.

என் வயதை ஒத்த நண்பர்கள் சிலரிடம் விசாரித்துப் பார்த்தேன். தில்லை என்ற பெயரைக் கேள்விப்படாதவர் ஒருவரும் இல்லை. செடியை நேரில் பார்த்ததாகச் சொன்னவரும் ஒருவரும் இல்லை. இத்தனைக்கும் புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் 65 கிலோமீட்டர்தான் இருக்கும். அங்கிருந்து இன்னும் 15 கிலோமீட்டர் கிழக்கே போனால் பிச்சாவரம். செடி இன்றும் அங்கே உயிரோடு நிற்கிறது. அதைப் பற்றி நான் படித்ததையும் பார்த்ததையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

முதலில் செடியின் அடையாளம். தாவர நூல்கள் தில்லையைப் புதர் அல்லது சிறு மரம் என்று எழுதுகின்றன. இரண்டும் சரி. உப்பு மிகுந்த இடத்தில் ஆள் உயரப் புதராக நின்றுவிடும். ஆற்று நீர் வந்து கலக்கும் இடத்தில் 10, 15 மீட்டர் வரைகூட உயரும். இது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. கள்ளியும் காட்டாமணக்கும் இதற்குப் பங்காளிகள். அதனால்தான் இலையைக் கிள்ளினாலும் கிளையை ஒடித்தாலும் வெள்ளைப் பால் கொட்டுகிறது.

இலை விரல் நீளம் இருக்கும். முட்டை வடிவம், கூரிய நுனி, பளபளப்பு, சற்றே தடிப்பு. காம்பு இலையோடு சேரும் இடத்தில் உற்றுப் பார்த்தால் இரண்டு சிறு சுரப்பிகள் தெரியும். உதிர்வதற்கு முன் இலை மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளாகி, கடைசியில் சிவந்துவிடும். கண்டல் காட்டின் மற்ற செடிகள் ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்பதால், இலை பழுத்த தில்லை தூரத்திலிருந்தே தனியாகத் தெரியும்.

பனையைப் போலத் தில்லையிலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் செடியின் பூக்கள் மஞ்சள் நிறத்தில் நீண்ட கதிராகத் தொங்கும். பெண் கதிர் குட்டையானது. பூவுக்கு இதழ் கிடையாது. பொடிப் பூ, ஆனால் மணம் உண்டு. தேனீக்கள் விடாமல் வரும். காய் மிளகைவிடச் சற்றுப் பெரியது. ஆமணக்கங்காய் மாதிரி மூன்று பிரிவாக இருக்கும். முற்றி உலர்ந்ததும் வெடித்து விதை தெறிக்கும். விதை நீரில் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கி முளைக்கும்.

கண்டல் காட்டுச் செடிகளை வேரைக் கொண்டே பிரித்துவிடலாம். சுரபுன்னை பல கால்களை ஊன்றி நிற்பது போல நிற்கும். வெண்கண்டலுக்குச் சேற்றிலிருந்து ஈட்டி ஈட்டியாக மேலே நீட்டும் மூச்சு வேர்கள் உண்டு. தில்லைக்கு இந்த இரண்டு வகையும் கிடையாது. அதன் வேர்கள் தரையின் மேலேயே பாம்புகள் பின்னிக் கிடப்பது போலப் படர்ந்திருக்கும். வேர்த்தோலில் உள்ள சிறு துளைகள் வழியாக மூச்சு விடும்.

இந்த வேரமைப்புக்கும் அது வாழும் இடத்துக்கும் தொடர்பு உண்டு. சுரபுன்னை நீர் ஓடும் வாய்க்காலின் விளிம்பில் நிற்கிறது. அதன் பின்னால் வெண்கண்டல். அதற்கும் உள்ளே, ஓதம் எப்போதாவது வந்து நனைத்துவிட்டுப் போகும் மேட்டு விளிம்பில்தான் தில்லைக்கு இடம். முன்னே உப்பு நீர், பின்னே வயல். இரண்டுக்கும் நடுவில் வேலி போட்டது போல நிற்கும். தில்லை என்றால் எல்லைச் செடி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போவதற்கு இது முக்கியம்.

பிச்சாவரத்தில் படகில் போகிறவர்கள் இதைப் பார்க்காமலே திரும்பி விடுவதற்கும் இதுவே காரணம். வாய்க்காலுக்குள் போகும்போது இரண்டு பக்கமும் கைகோத்து நிற்பது சுரபுன்னை. 1975இல் வந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். வந்து போன அந்தக் காட்டைப் பார்க்கத்தான் நம் தலைமுறை முதன்முதலில் பிச்சாவரம் கிளம்பியது. படகு சுரபுன்னையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் துறைக்கு வந்துவிடும். தில்லை இருக்கும் விளிம்புக்கு யாரும் கேட்காமல் படகு போகாது.

நான் கேட்டேன். படகோட்டி என் பிள்ளை வயதுக்காரர். "தில்லையா? அதுகிட்ட என்ன இருக்குது ஐயா பாக்கறதுக்கு?" என்று சிரித்தார். "பேர்தான் தம்பி, பேருக்காகத்தான்" என்றேன். ஒரு மேட்டோரமாகப் படகை நிறுத்திக் கையால் காட்டினார். நான் கிளையைப் பிடிக்கக் கை நீட்டியதும் பதறிவிட்டார். "கை வெக்காதீங்க ஐயா. அந்தப் பாலு கண்ணுல பட்டா கண்ணு போயிடும். அதுக்குப் பயந்துதான் யாரும் வெறகுக்குக்கூட வெட்ட மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது மிகையல்ல. தில்லைப் பால் தோலில் பட்டால் எரிந்து கொப்புளம் கிளம்பும். கண்ணில் தெறித்தால் பொறுக்க முடியாத எரிச்சல், வீக்கம், சில காலத்துக்குப் பார்வையே தெரியாமல் போகும். மலையாளத்தில் இந்தச் செடிக்குக் கண்ணாம்பொட்டி என்று பெயர். விஞ்ஞானப் பெயரும் இதையே சொல்கிறது. எக்ஸ்கோகேரியா அகலோக்கா என்பது அந்தப் பெயர். முதல் பாதி லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. குருடாக்குவது என்று பொருள். இரண்டாம் பாதிக்குப் பிறகு வருகிறேன். அது தமிழ் வாசகருக்கு இன்னும் சுவையான விஷயம்.

முதல் பாதிக்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை இருக்கிறது. ரும்ஃபியஸ் என்பவர் 1627இல் ஜெர்மனியில் பிறந்தவர். டச்சுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இன்றைய இந்தோனேசியாவில் உள்ள ஆம்பொன் தீவுக்கு வந்தார். உத்தியோகம் கம்பெனியுடையது, ஆசை செடிகொடிகளின் மேல். அந்தத் தீவுகளின் தாவரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, உள்ளூர் மக்களிடம் பெயரும் பயனும் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். 1670இல் கண் நோயால் பார்வை போய்விட்டது. 1674இல் நிலநடுக்கத்தில் மனைவியும் ஒரு மகளும் இறந்தார்கள். 1687இல் தீ விபத்தில் படங்கள் எரிந்தன. பிறர் கையால் எழுதவும் வரையவும் வைத்து மறுபடி முடித்தார். 1692இல் முதல் ஆறு பகுதிகளைக் கப்பலேற்றி அனுப்பினால், அந்தக் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் தாக்கி மூழ்கடித்துவிட்டார்கள். நல்ல வேளை, படேவியாவில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்கள். 1702இல் அவர் கண்ணை மூடினார். நூல் அச்சானது 1741 முதல் 1750 வரை. அந்த நூலில்தான் தில்லை 'குருடாக்கும் மரம்' என்ற லத்தீன் பெயரோடு படத்துடன் இடம்பெற்றது. கண் தெரியாத ஒருவர் எழுதி முடித்த நூலிலிருந்து இந்தப் பெயர் உலகுக்குப் போனது.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1759இல் தம்முடைய பெரிய பட்டியல் நூலின் பத்தாம் பதிப்பில் இதற்கு இன்றைய பெயரை வைத்தார். இந்தியாவையோ ஆம்பொனையோ அவர் பார்த்ததில்லை. குருடாக்கும் மரம் என்பதை முதல் பெயராக எடுத்துக்கொண்டு, இரண்டாம் பெயராக அகலோக்கா என்று சேர்த்தார்.

இந்த அகலோக்கா எங்கிருந்து வந்தது? முதல் நூற்றாண்டில் டயாஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர் மருந்துப் பொருள்கள் பற்றி எழுதிய நூலில் அகல்லோகன் என்று ஒரு வாசனைக் கட்டையைச் சொல்கிறார். அது இந்தியாவிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் வருகிறது என்கிறார். அந்தக் கட்டை அகில். கிரேக்கச் சொல்லையும் நம்முடைய அகிலையும் வடமொழியின் அகருவையும் ஒரே குடும்பமாகச் சொல்லாராய்ச்சியாளர்கள் பார்க்கிறார்கள். சங்கப் பாடல்களில் பெண்கள் கூந்தலுக்குப் புகை ஊட்டுவதாக வருகிறதே, அதே அகில். ஐரோப்பாவுக்குக் கட்டை மட்டும்தான் கப்பலேறிப் போனது. மரத்தை அங்கே யாரும் பார்க்கவில்லை. எந்த மரத்திலிருந்து அகில் வருகிறது என்பதில் பல நூற்றாண்டு குழப்பம் இருந்தது. அந்தக் குழப்பத்தில், அகிலோடு எந்த உறவும் இல்லாத தில்லையின் தலையில் அகிலின் பெயர் ஏறிவிட்டது.

உண்மையான அகில் மரத்துக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் பிரெஞ்சுக்காரரான லமார்க். 1783இல் அக்விலேரியா என்று வைத்தார். லத்தீனில் அக்விலா என்றால் கழுகு. அகிலுக்கும் கழுகுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. நம் மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் அகில் என்ற சொல்லைக் கேட்டார்கள். அவர்கள் வாயில் அது ஆகிலா ஆயிற்று. அவர்கள் மொழியில் கழுகுக்கும் ஏறக்குறைய அதே சொல். பிரெஞ்சுக்காரர் அதை அப்படியே மொழிபெயர்த்து 'புவா தேக்ல்', அதாவது கழுகுக் கட்டை, என்றார்கள். ஆங்கிலேயரும் ஈகிள் வுட் என்றார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இந்தச் சொல் அகராதியில் கண்ணில் பட்டபோது, ஏதோ கழுகு கூடு கட்டும் மரம் என்றுதான் பொருள் கொள்ளத் தோன்றும். உள்ளே உட்கார்ந்திருப்பது நம் அகில். ஆக, அகில் மரம் கழுகின் பெயரோடும் தில்லை அகிலின் பெயரோடும் விஞ்ஞானப் புத்தகங்களில் நிற்கின்றன.

அகில் இல்லை என்று ஆன பிறகு, இந்த மரத்தால் பயனே இல்லையா என்று கேட்கலாம். வங்காளத்துச் சுந்தரவனத்தில் தில்லைக்கு கேவா என்று பெயர். அங்கே அது காடு காடாக நிற்கிறது. கட்டை மிருதுவானது, இலேசானது, வெளிர் நிறம். 1959இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் குல்னா என்ற ஊரில் செய்தித்தாள் காகித ஆலை ஒன்று தொடங்கினார்கள். சுந்தரவனத்துக் கேவாதான் அதற்கு மூலப்பொருள். பங்களாதேசம் பிறந்த பிறகும் ஆலை ஓடியது, 2002இல் மூடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டுச் செய்தித்தாள்கள் அச்சான காகிதத்தில் தில்லை மரம் இருந்தது. பூவின் தேனையும் அங்கே மலைத்தேனீக்கள் சேர்க்கின்றன. பால் கண்ணைக் கெடுக்கும் அதே செடியின் பூந்தேனை மனிதர் சாப்பிடுகிறார்கள்.

நம் பழைய புலவர்கள் இந்தச் செடியை நன்றாக அறிந்திருந்தார்கள். நற்றிணையில் 195ஆம் பாட்டில் ஒரு நீர்நாய்க் குட்டி வருகிறது. கழியில் கொழுத்த மீனைத் தின்றுவிட்டுத் தில்லைப் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. மீன் கழியில், படுக்கை மேட்டுப் புதரில். செடி நிற்கும் இடத்தை இதைவிடச் சரியாக ஒரு தாவர நூல்கூடச் சொல்ல முடியாது. கலித்தொகை 133இல் கடற்கரைச் சோலையின் உயர்ந்த மணல் மேட்டில் கழிமுள்ளியும் தில்லையும் சேர்ந்து நிற்கின்றன. கழிமுள்ளியை அங்கே முண்டகம் என்று சொல்லியிருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் பட்டியலிலும் தில்லை உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது புறநானூறு 252. ஒரு காலத்தில் காதலித்து வாழ்ந்த ஒருவன் இப்போது துறவியாகிவிட்டான். அருவியில் நனைந்து நனைந்து நிறம் மாறிப் போன அவன் சடையைத் தில்லை போன்றது என்கிறார் மாற்பித்தியார். இலை நிறம் மாறும் செடி என்பதை நினைத்துப் பார்த்தால் உவமை சட்டென்று புரியும். பழுத்த தில்லையை ஒரு முறையாவது பார்த்தவருக்கு உரையே தேவையில்லை. பார்க்காத நமக்கு உரை இருந்தும் பாதிதான் புரிகிறது. செடி கண்ணை விட்டுப் போனால் பாட்டிலும் ஒரு பங்கு போய்விடுகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் சொன்ன இந்தச் சங்கப் பாட்டுகளில் எல்லாம் தில்லை செடிதான், ஊர் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பாடும்போது தில்லை ஊராகிவிட்டது. சிற்றம்பலம், புலியூர் என்ற பெயர்களும் கூடவே வருகின்றன. புலியூர் என்ற பெயருக்கு வியாக்கிரபாதர் கதை உண்டு. வண்டு மொய்ப்பதற்கு முன் பூப் பறிக்க வேண்டும் என்று, மரம் ஏறப் புலிக்காலும் புலிக்கையும் கேட்டு வாங்கிய முனிவர். அவர் தவம் செய்த இடம் தில்லைவனம் என்று புராணம் சொல்கிறது. கோயிலுக்குத் தல விருட்சமும் தில்லையே. ஊரின் வடபுறத்தில் இருக்கும் தில்லைக்காளி கோயில் 13ஆம் நூற்றாண்டில் காடவராயன் கோப்பெருஞ்சிங்கன் கட்டியது என்பார்கள்.

புராணத்தை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப்பெயர் ஒரு சாட்சி. மருதூர், ஆலங்குடி, பனையூர், புன்னைநல்லூர் என்று நம் முன்னோர் கண்ணெதிரில் நின்ற மரத்தின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். தில்லை உப்பங்கழி விளிம்பில் மட்டுமே கூட்டமாக வளரும் செடி. ஊருக்கு அந்தப் பெயர் வந்திருந்தால், அந்த விளிம்பு ஒரு காலத்தில் ஊருக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. வெள்ளாறும் கொள்ளிடமும் ஆண்டுக்கு ஆண்டு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் நிலம் இது. நிலம் உயர்ந்தது, உப்பு விலகியது, நெல் விளைந்தது. உப்பு விலகிய இடத்தில் தில்லைக்கு வேலை இல்லை. அது கிழக்கே கடலைப் பார்த்துப் போய்விட்டது. பெயரை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போனது.

எந்தக் காலத்தில் எந்தச் செடி எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் நம் புதுச்சேரிக்குப் பெரும் பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்திருக்கும் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் 1955இல் தொடங்கப்பட்டது. சம்ஸ்கிருதச் சுவடிகளுக்காக அதை அறிந்தவர் அதிகம். மகரந்தத்துக்காகவும் உலகம் அதை அறியும். பூவின் மகரந்தத் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் அதன் மேல்தோல் எளிதில் மக்காது. சேற்றில் புதைந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உருக்குலையாமல் கிடக்கும். ஒவ்வொரு வகைச் செடியின் துகளுக்கும் தனி வடிவம் உண்டு. சேற்றை ஆழமாகத் துளைத்து எடுத்து, அடுக்கு அடுக்காகப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தால், எந்தக் காலத்தில் எந்தக் காடு நின்றது என்று படித்துவிடலாம். நம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பழைய தஸ்தாவேஜு பார்த்து நிலம் யார் பேரில் இருந்தது என்று சொல்வதைப் போல.

அப்படிப் படிப்பதற்கு முன், இன்றைய காட்டின் செடிகளுக்கும் அதன் சேற்றில் விழும் துகள்களுக்கும் உள்ள கணக்குத் தெரிய வேண்டும். அந்த வேலையைக் காராத்தினி, பிளாஸ்கோ, தணிகைமணி மூவரும் தென்னிந்தியக் கண்டல் காட்டில் செய்து 1973இல் வெளியிட்டார்கள். பிளாஸ்கோ 1975இல் இந்தியக் கண்டல் காடுகள் முழுவதையும் பற்றி ஒரு நூல் எழுதினார். இன்ஸ்டிடியூட்தான் அதைப் பதிப்பித்தது. கணபதி தணிகைமணி மகரந்த ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்றவர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சி விமான நிலையத்தில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். வயது 48. கண்டல் காட்டு மகரந்தங்கள் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1987இல், புதுச்சேரியில் வெளிவந்தது. செயின்ட் லூயி வீதியில் நடக்கிறவர்கள் ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வகுப்பில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. சுற்றியுள்ள பொருள்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பாடம் என்று அர்த்தம். ஓக் மர இலையின் விளிம்பும் செஸ்ட்நட் காயின் தோலும் அதில் படித்தோம். இரண்டையும் எங்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. தமிழ் வழியில் படித்த நண்பர்களும் தில்லையைப் பாடத்தில் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஆக, பிரெஞ்சோ தமிழோ, எந்தப் பள்ளியும் இதைச் சொல்லித்தரவில்லை. கழியில் பிழைத்தவர்களிடம் மட்டும் இந்த அறிவு தங்கியது.

இப்போது எல்லை விஷயத்துக்கு வருகிறேன். பிச்சாவரம் காடு 1,100 ஹெக்டேர் அளவு என்று பொதுவாகச் சொல்வார்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சிறு சிறு திட்டுகளாக இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் வெகு காலம் வனத்துறையே இதைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் காய்ந்து தாழ்ந்தது. ஓதத்தில் வந்த நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி உப்பாகியது. அந்த இடத்தில் உமரி தவிர எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழி செய்தார்கள். காடு திரும்பி வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததை எல்லோரும் பார்த்தோம். 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

இதெல்லாம் மகிழ்ச்சியான செய்தி. ஆனால் நட்டு வளர்த்ததில் பெரும்பங்கு வெண்கண்டல். அடுத்து சுரபுன்னை. தில்லை நிற்பது காட்டின் நில ஓர விளிம்பில் என்று முன்பே சொன்னேன். எங்கே கடலோரக் காடு சுருங்கினாலும் முதலில் போவது அந்த விளிம்புதான். வரப்பை நகர்த்துவது அங்கே. உப்பளம் போடுவது அங்கே. மனை பிரிப்பது அங்கே. 1990களில் நம் கடலோர மாவட்டங்களில் இறால் பண்ணை வெட்டியதும் அப்படிப்பட்ட நிலத்தில்தான். அதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது என்றது நீதிமன்றம்.

அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இப்படிப்பட்ட விளிம்பு நிலம் பழைய கணக்கில் பெரும்பாலும் தரிசு, புறம்போக்கு என்று இருக்கும். அங்கே என்ன நிற்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. கணக்கில் தரிசு என்று இருப்பதை வெட்டினால், வெட்டியவருக்கும் அனுமதித்தவருக்கும் ஒன்றும் போனதாகவே தோன்றாது. செடியின் பெயர் தெரிந்த நாலு பேர் அந்த ஊரில் இருந்தால் மட்டும்தான், இது வெறும் புதர் இல்லை, தில்லை, சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த செடி என்று சொல்ல ஆள் இருக்கும்.

பிச்சாவரம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறிவிட்டால் நம் வயதுக்குத் தாங்காது. படகில் ஏறும் முன்பே தில்லையைக் காட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கால் ஊன்றிய வேர் கிடையாது, ஈட்டி வேர் கிடையாது, தரையில் பின்னிக் கிடக்கும் வேர், பளபளக்கும் இலை, நடுவில் ஒன்றிரண்டு சிவந்த இலை. இவை சேர்ந்திருந்தால் தில்லை என்று கொள்ளலாம். தொட வேண்டாம், இலை கிள்ள வேண்டாம், கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்கு எடுத்து வரவும் வேண்டாம். தப்பித் தவறிப் பால் கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. நல்ல தண்ணீரால் வெகு நேரம் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போங்கள். பேரப்பிள்ளைகளை அழைத்துப் போனால் இதை முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பிறகு சிதம்பரம் வந்து நடராஜரைத் தரிசிக்கும்போது, தில்லை என்று ஓதுவார் பாடுவது காதில் விழும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை, காலையில் பார்த்தோமே அந்தச் செடியா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்ல உங்களுக்கு முடியும்.